நரம்பு மாத்திரை சத்து மாத்திரை அல்ல

(காடாம்புலியூரில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பில் ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக எங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். மணி ஆயிடுச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துடுவாங்க, எல்லாம் எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் கொஞ்சம் உட்காருங்க. இன்றைக்குப் பேசப் போவது உங்க வீட்டு அலமாரியில, சாமி படத்துக்குப் பக்கத்துல, ஒரு மஞ்சப் பைக்குள்ள இருக்கிற விஷயம்.

குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்ப்போம். யார் யார் எதற்காகக் கடன் எடுத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். மாடு வாங்க, பள்ளிக் கட்டணம், வீட்டுக் கூரை. அதற்கு அடுத்தபடியாக 'மருத்துவச் செலவு'. என்ன மருத்துவம்மா என்று கேட்டால், "காலு எரியுதுங்க", "இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் இழுக்குதுங்க", "கை மரத்துப் போகுதுங்க" என்கிறீர்கள். என்ன மருந்து சாப்பிடுறீங்க என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரே பதில்தான். "நரம்பு மாத்திரைங்க."

இந்த ஒரு பேர்தான் பிரச்சினையே.

நம்ம ஊர்ல 'நரம்பு மாத்திரை' என்று சொன்னால் மூன்று வேறு வேறு சரக்கு அதற்குள் அடங்கிப் போகிறது. ஒன்று, பி-12 மாதிரியான வைட்டமின் மாத்திரை. இது சத்து. உடம்புக்கு வேண்டிய அளவு போக மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். இரண்டாவது, பிரிகாபாலின், காபாபென்டின் என்கிற மருந்துகள். இவை சத்தும் இல்லை, சாதாரண வலி மாத்திரையும் இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் போய் வேலை செய்கிற மருந்துகள். மூன்றாவது, டிரமடால், டேபென்டடால் போன்றவை. இவை அபின் வகையைச் சேர்ந்த கடுமையான வலி மருந்துகள். ஒன்று மோர் என்றால் மற்றொன்று சாராயம். மூன்றையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம், ஒரே பையில் போட்டு வைக்கிறோம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நம் நாட்டில் பிரிகாபாலினையும் பி-12 வகையான மெத்தில்கோபாலமினையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். "இதுல வைட்டமின் இருக்கு, நரம்புக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. பாயசத்துல முந்திரி இருக்குன்னு சொல்லி, சர்க்கரை நோயாளிக்கு ஒரு டம்ளர் ஊத்திக் கொடுக்கிற மாதிரி. சில கேப்சூல்களில் இன்னும் ஒரு படி மேலே போய், நார்ட்ரிப்டிலின் என்கிற மனச்சோர்வு மருந்தையும் சேர்த்திருப்பார்கள். அதிகமாகப் போனால் அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இன்றைக்கு முக்கியமாகப் பேசுகிறோம். கடைசியில் மூன்றாவதுக்கும் வருவோம்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். தெரியாத மருந்துக்குப் பயப்படுவதைவிட, தெரிந்த மருந்துக்குக் கட்டுப்பாடாக இருப்பது நல்லது. உடம்பில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி அனுப்பும் இடத்தில் சின்னச் சின்ன மடைகள் இருக்கின்றன. மடை திறந்தால் கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் பாய்ந்ததும் சேதி அடுத்த நரம்புக்குப் போகும். சர்க்கரை நோயாலோ, அக்கி வந்து போன பிறகோ நரம்பு கெட்டுப்போனால், இந்த மடைகள் அளவுக்கு மீறித் திறந்துகொள்கின்றன. அடிபடாமலே வலிக்கிறது. நெருப்பே இல்லாமல் எரிகிறது. போர்வை பட்டால்கூட முள் குத்துகிற மாதிரி இருக்கிறது. பிரிகாபாலினும் காபாபென்டினும் அந்த மடையின் ஒரு பாகத்தில் போய் ஒட்டிக்கொண்டு, திறப்பைக் குறைக்கின்றன. சேதி குறைகிறது, எரிச்சல் தணிகிறது.

ஆனால் இந்த மடை காலுக்கு மட்டும் தனியாக இல்லை. மூளை முழுக்க இருக்கிறது. ஏரி மதகை இறக்கினால் ஒரு வயலுக்கு மட்டுமா தண்ணி நிற்கும்? அதனால்தான் எரிச்சலோடு சேர்ந்து சுறுசுறுப்பும் குறைகிறது. தலை சுற்றும், தூக்கம் தூக்கமாக வரும், கண் மங்கும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கும், எடை கூடும். "மாத்திரை போட்டதில் இருந்து ஒடம்பு பூசின மாதிரி ஆயிட்டேன்" என்று சந்தோஷப்பட்ட ஒரு அம்மாவையும் பார்த்தோம். அது பூசினது இல்லை, நீர் கோத்தது.

இன்னொன்று கவனிக்கணும். வலி குறைகிறதே தவிர, கெட்டுப்போன நரம்பை இந்த மருந்து சரி பண்ணுவதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்க. முள், கொப்புளம், வெடிப்பு, கண்ணாடிச் சில்லு எது இருக்கிறது என்று வலியை வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. இதோடு இன்னொரு சேதி. சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 குறையலாம். அதுவும் கால் மரத்துப்போக ஒரு காரணம். அந்த மாதிரி ஆட்களுக்கு வேண்டியது நிஜமாகவே வைட்டமின்தான். எது காரணம் என்று பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கேளுங்க.

சரி, யாருக்கு இந்த மருந்து உதவும்? சர்க்கரையால் வரும் கால் எரிச்சல், அக்கிக்குப் பிறகு நிற்கிற வலி, தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு வரும் நரம்பு வலி, வலிப்பு நோயில் சில வகை. அங்கேயும் எல்லோருக்கும் உதவாது. சர்க்கரை நோயால் கால் எரிச்சல் உள்ளவர்களுக்கு காபாபென்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பத்துப் பேரில் சுமார் நாலு பேருக்கு வலி பாதியாகக் குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தவர்களிலும் பத்துக்கு இரண்டு பேருக்குக் குறைந்தது. நாலு பேருக்கு நிம்மதி என்பது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி தூக்கம் இல்லாமல் காலை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் மிச்சம் ஆறு பேர் வருஷக்கணக்கில் பலன் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கணுமா? சில வாரத்தில் பலன் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் திரும்பப் போய்ச் சொல்லணும். நாம் சொல்வதில்லை. அதே சீட்டைக் காட்டிக் கடையில் திரும்பத் திரும்ப வாங்குகிறோம்.

இப்போது இடுப்பு வலிக்கு வருவோம். இது நம்ம ஊர் வலி. காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி இல்லாத வீடு எத்தனை? காலையில் எட்டு மணிக்குக் கொட்டை உடைக்க உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் ஒரே இடம், ஒரே கை, ஒரே கால். தோல் உரிக்கிறவர்கள் தரையில் சம்மணம் போட்டு, கழுத்தைக் குனிந்தபடி. கொட்டை எண்ணெய் பட்டுக் கை வெந்து கறுத்துப் போவது தனிக் கதை. இந்த உடம்புக்கு இடுப்பு பிடிக்காமல், கால் இழுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வலி பொய் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. இதை முதலில் நம் வீட்டு ஆம்பளைங்களுக்கும் சொல்லிவிடுவோம்.

ஆனால் அந்த வலிக்கு இந்த மருந்து சரியா? இடுப்பில் இருந்து காலுக்கு இறங்கி இழுக்கிற வலியை சயாட்டிகா என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 209 நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2017-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் பிரிகாபாலின், பாதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் கால் வலியில் வித்தியாசமே இல்லை. ஒரு வித்தியாசம்தான் இருந்தது. பிரிகாபாலின் சாப்பிட்டவர்களுக்குத் தலைசுற்றல் அதிகம்.

பிறகு ஏன் இவ்வளவு பேருக்கு இது போய்ச் சேர்ந்தது? இதில் வியாபாரமும் இருக்கிறது. காபாபென்டினுக்கு அமெரிக்காவில் 1993-ல் அனுமதி கொடுத்தது வலிப்பு நோய்க்கு மட்டும். அந்தக் கம்பெனி அனுமதி இல்லாத பல நோய்களுக்கும் இதை எழுதச் சொல்லி மருத்துவர்களிடம் பிரசாரம் செய்தது. உள்ளே வேலை பார்த்த ஒருவரே வழக்குப் போட்டார். 2004-ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது. எங்கேயோ அமெரிக்காவில் நடந்ததுக்கும் நமக்கும் என்ன என்று நினைக்காதீங்க. 'எந்த வலியானாலும் இதைப் போட்டுப் பார்க்கலாம்' என்கிற பழக்கம் வளர்ந்ததில் அந்தப் பிரசாரத்துக்கும் பங்கு உண்டு.

நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பேரும் ஊரும் வேண்டாம். அந்த அக்கா சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறோம். மாமியாருக்குச் சர்க்கரை. கால் எரிச்சலுக்கு மருத்துவர் ராத்திரி ஒரு கேப்சூல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தம்மா நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்த மருமகள், "எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு, ஒண்ணு கொடுங்கத்தை" என்று வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் பிரிகாபாலின் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறிவிடும். அந்த நேரத்துக்கு அந்த அக்கா குடத்தோடு மோட்டார் கொட்டகைப் படியில் நிற்கிறார். தலை சுற்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் முந்திரி வேலை இல்லை, கூலி இல்லை. குழுவில் 15,000 ரூபாய் உள்கடன். ஓசியில் வாங்கின ஒரு கேப்சூலின் விலை அது.

மாமியார் பாசமாகத்தான் கொடுத்தார். அதனால்தான் இது கஷ்டமான விஷயம். அரிசி, சீனி, தைலம் மாதிரி மாத்திரையையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து வாங்குவது நம்மிடம் ஒரு அன்பாகவே இருக்கிறது.

இன்னும் சில ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு மருந்தும் கல்லீரலில் கரைவதில்லை. போன உருவத்திலேயே சிறுநீரகம் வழியாக வெளியே வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வெளியே வராமல் உடம்பிலேயே தேங்கும். சர்க்கரை நோயாளிகளில்தான் கால் எரிச்சலும் அதிகம், சிறுநீரகப் பழுதும் அதிகம். ஒருவருக்கே இரண்டும் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சரியாக இருந்த அளவு உங்களுக்கு இரண்டு பங்கு விஷமாகலாம். கிரியாட்டினின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அது பார்த்த பிறகுதான் மருத்துவர் அளவு போடுவார். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. காபாபென்டின் அட்டையில் 300 என்று இருக்கும், பிரிகாபாலின் அட்டையில் 75 என்று இருக்கும். "75 சின்னதுதானே, நாலு போட்டா 300" என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. அந்தக் கணக்கு ஆகாது. இரண்டும் வேறு மருந்து. பிரிகாபாலின் எவ்வளவு போட்டாலும் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். காபாபென்டின் அதிகம் போடப் போட உறிஞ்சுவது குறையும். பிரிகாபாலினைத் தப்பாக உபயோகிக்கிறவர்கள் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது குடி. வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி, நாள் முழுக்க லோடு ஏற்றுகிறார். ராத்திரி டாஸ்மாக் போய்விட்டு வந்து இந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுக்கிறார். இரண்டும் மூளையை அமுக்குகிற சரக்கு. சேர்ந்தால் மூச்சு விடுகிற வேலையையே மூளை மறந்துபோகும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தாலும் அப்படித்தான். டிரமடால் வகை வலி மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகவே எச்சரிக்கை விட்டது. இளைப்பு நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது. குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீங்க. தட்டி எழுப்பினால் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்குப் போன் பண்ணுங்க. புளிக் கரைசல், உப்புத் தண்ணி ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீங்க. அரை மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீங்க! இதை நாங்கள் கைகூப்பிக் கேட்கிறோம். பல மாதம் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், வியர்க்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். சிலருக்கு வலிப்புக்கூட வரும். வலிப்பு நோய்க்காகவே சாப்பிடுகிறவர்கள் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குறைந்தது ஒரு வாரம், நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு அதற்கு மேலும் எடுத்துக்கொண்டு, மருத்துவர் சொல்லச் சொல்லப் படிப்படியாகக் குறைக்கணும். நிறுத்தினால் உடம்பு தவிக்கிறது என்பதற்காக அவர்களைப் போதை அடிமை என்று பேசவும் கூடாது. உடம்பு பழகிப்போவது வேறு, போதைக்காகத் தேடித் தேடிப் போடுவது வேறு.

அந்தப் போதை விஷயத்துக்கு இப்போது வருகிறோம். பிரிகாபாலினை மருத்துவர் சொன்ன அளவுக்குப் பல மடங்கு போட்டால் சிலருக்குக் குடித்த மாதிரி மிதக்கிற உணர்வு வரும். இதற்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு மருந்தையும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் நாட்டிலேயே பஞ்சாபில், அண்மை ஆண்டுகளில் சில மாவட்ட நிர்வாகங்கள் 75 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரிகாபாலினை விற்கவே தடை போட்டன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் ராமநாதபுரம் கடற்கரை வழியாக இலங்கைக்குக் கடத்தப்படும் சரக்குகளில் பீடி இலை, மஞ்சளோடு இந்தக் கேப்சூலும் இருக்கிறது. மன்னார், கற்பிட்டிப் பக்கம் இலங்கைக் கடற்படை இதைப் பிடித்திருக்கிறது. நம் வீட்டு மஞ்சப் பையில் இருப்பது கடல் தாண்டிக் கள்ளத்தனமாக விலை போகிற சரக்கு என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறோம்.

நம் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய தலைவலி அந்த மூன்றாவது வகைதான். டிரமடாலை 2018-ல் மத்திய அரசு போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அது கிடைப்பது கடினமானதும் டேபென்டடால் பக்கம் போய்விட்டார்கள். சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு மருத்துவர்கள் சில பேருக்கு இதையும் எழுதுவது உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் சென்னையில் இருந்து சின்ன ஊர்கள் வரைக்கும், 'வலி நிவாரணி மாத்திரை விற்றவர்கள் கைது' என்று 2023-க்குப் பிறகு தினத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தியில் பெரும்பாலும் இந்த மாத்திரைதான். வாயில் போடுவதற்காகச் செய்த மாத்திரையைப் பையன்கள் ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரைத் தூள் ரத்தக் குழாயை அடைக்கிறது. ஒரே ஊசியைப் பலர் போட்டு மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் பரவுகிறது. மூச்சு நின்று இறந்த பிள்ளைகளும் உண்டு.

நம் பிள்ளைங்க அப்படி இல்லை என்று சொல்வீர்கள். இருக்கட்டும். ஆயா மாத்திரை எங்கே இருக்கிறது என்று பேரனுக்குத் தெரியும். அட்டையில் எத்தனை மிச்சம் என்று ஆயாவுக்குத் தெரியாது. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சங்கக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் விடிய விடியத் தேடுகிறோம். மாத்திரை அட்டையை எண்ணி வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. வாரம் ஒரு நாள் எண்ணுங்க. பூட்டு உள்ள பெட்டியில் வைங்க. பழைய டிரங்குப் பெட்டி போதும்.

அட்டை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அட்டைகளின் ஓரத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். படிக்கத் தெரியாதவர்களும் கோட்டைப் பார்க்கலாம். கோடு இருந்தால் அது சத்து மாத்திரை இல்லை. பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், அது கடைக்குக் கடை மாறும். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் நிஜப் பேர். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொல்லுங்க. பிரிகாபாலின், காபாபென்டின், டிரமடால், டேபென்டடால். இந்த நாலில் எது இருந்தாலும் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இல்லை, உங்க சொந்த நோட்டில் எழுதி வைங்க. அடுத்தவர் நோய் நமக்கு வம்பு பேசுகிற விஷயம் ஆகிவிடக் கூடாது.

கேள்வி நேரம்

உரைக்குப் பிறகு சகோதரிகள் கேட்டதில் சிலவற்றை மட்டும் இங்கே தருகிறோம்.

"மருந்துக் கடைத் தம்பி நம்ம ஊர்ப் பிள்ளைதான். சீட்டு இல்லாமலே கொடுக்குது. அது உதவிதானே?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் தம்பிக்கு உங்க கிரியாட்டினின் தெரியுமா, நீங்க வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு தெரியுமா என்று திருப்பிக் கேட்டோம். சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி தப்பு. கேட்டு வாங்குகிற நாமும் அதற்குத் துணை. அலைச்சலும் பஸ் செலவும்தான் காரணம் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவமும் அதில் உண்டு. இடுப்பு வலிக்காரர்கள் மாத்திரைக்கு முன்னால் அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்க. வருகிற தன்னார்வலர்களில் பலர் நம் குழுப் பெண்கள்தான்.

"மாசமா இருக்கிற பொண்ணு இதைச் சாப்பிடலாமா?" கருத்தரித்த முதல் மூன்று மாதத்தில் பிரிகாபாலின் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று 2022-ல் இங்கிலாந்து மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. குழந்தைக்கு எதிர்பார்த்திருக்கும் பெண்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லணும். தானாக நிறுத்தக் கூடாது.

"அசிடிட்டி மருந்தோட சேர்த்துப் போடலாமா?" நல்ல கேள்வி. அலுமினியம், மக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்து காபாபென்டினை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடணும்.

ஒரு சகோதரி கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்டார். பையன் மாத்திரை எடுக்கிறான் என்று சந்தேகம், போலீசுக்குப் போகணுமா என்று. முதலில் மருத்துவமனைக்கு என்று சொன்னோம். அடிக்க வேண்டாம், அறையில் பூட்டவும் வேண்டாம். பூட்டி வைத்து மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று இப்போதுதானே பேசினோம். 14446 என்பது போதை மீட்புக்கான இலவசத் தொலைபேசி எண். 104-லும் ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பேரில் போதை மீட்பு மையங்களையும் தொடங்கியிருக்கிறது. அந்தச் சகோதரியோடு எங்கள் பணியாளர் ஒருவர் கடலூருக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.

கூட்டத்திலேயே ஒரு வயதான அம்மா மடியில் இருந்து இரண்டு அட்டையை எடுத்துக் காட்டினார். ஒன்று பண்ருட்டியில் சர்க்கரைக்குப் பார்க்கிற மருத்துவர் எழுதியது. மற்றொன்று நெய்வேலியில் எலும்பு மருத்துவரிடம் போனபோது கொடுத்தது. இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. அட்டையின் நிறம் வேறு, பேர் வேறு, விலையும் வேறு. வந்திருந்த கிராம சுகாதார செவிலியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தை வாசித்தார். இரண்டிலும் பிரிகாபாலின் 75. அந்தம்மா காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாக ஆறு மாதமாகச் சாப்பிட்டு வருகிறார். "அதான் எழுந்திரிச்சா தலை கிர்ருன்னு சுத்துது, வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். இரண்டு மருத்துவர்களிடமும் காட்டச் சொல்லிச் செவிலியர் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் வீட்டில் இருக்கிற அட்டைகளைக் கொண்டு வாருங்கள். செவிலியர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.